தண்டனை இன்று இல்லை... ஆனால் ரத்தும் இல்லை! - 'ரிப்ரீவ்' என்ற சொல்லின் கதை

வாரம் ஒரு சொல்

1849, டிசம்பர் 22. அன்றைய ரஷ்ய காலண்டர் கணக்கில் இந்தத் தேதி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் செமியோனோவ்ஸ்கி மைதானம் முழுக்கப் பனி. சுற்றிலும் ராணுவ வீரர்கள். நடுவே மேடை போல ஓர் அமைப்பு, அதன் அருகே சில கம்பங்கள்.

அரசுக்கு எதிரான கூட்டங்களில் கலந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, எட்டு மாதங்கள் கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்தவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். தீர்ப்பு வாசிக்கப்பட்டது. 'சுட்டுக் கொல்லப்பட வேண்டும்!' பாதிரியார் சிலுவையை நீட்டினார். வெள்ளை அங்கி அணிவிக்கப்பட்டது. முதல் மூன்று பேரைக் கம்பங்களில் கட்டினார்கள். வீரர்கள் துப்பாக்கிகளை உயர்த்திக் குறிபார்த்தார்கள்.

அடுத்த மூவரில் ஒருவராக நின்றிருந்த இளைஞருக்கு வயது 28. ஏற்கெனவே ஒரு நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர். இன்னும் சில நிமிடங்கள்தான் உயிர் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால், துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. முரசு ஒலித்தது. கட்டப்பட்டவர்கள் அவிழ்க்கப்பட்டார்கள். ஜார் மன்னர் முதலாம் நிக்கோலஸ் உயிர்ப்பிச்சை அளித்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. அந்த முடிவு முன்னதாகவே எடுக்கப்பட்டுவிட்டது. கடைசி நொடி வரை அதை மறைத்து வைத்ததும் தண்டனையின் ஒரு பகுதிதான்! கம்பத்தில் கட்டப்பட்டிருந்த ஒருவருக்கு அந்த அதிர்ச்சியில் மனநிலை பாதிக்கப்பட்டது.

அடுத்த வரிசையில் நின்ற அந்த இளைஞரின் பெயர் ஃபியோதர் தஸ்தயெவ்ஸ்கி. நான்கு ஆண்டுகள் சைபீரியாவில் கடும் உழைப்புத் தண்டனையை அனுபவித்துவிட்டுத் திரும்பியவர், பிறகு 'குற்றமும் தண்டனையும்' எழுதினார். 'அசடன்' நாவலில், மரண மேடை வரை போய்த் திரும்பிய ஒருவனின் கடைசி நிமிடங்களைத் தன் நாயகனின் வாயால் சொல்லவைத்தார். அந்தக் காலைப் பொழுது அவரை விட்டுப் போகவே இல்லை.

மரணத்தின் வாசல் வரை போனவரை, கடைசி நொடியில் 'இப்போது வேண்டாம்' என்று திருப்பி அழைக்கும் இந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. 'ரிப்ரீவ்'! இந்த வாரச் சொல் அதுதான்.

கிரிக்கெட்டிலும் உண்டு ரிப்ரீவ்

நீதிமன்றம் பக்கமே போகாதவர்கள்கூட இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். கிரிக்கெட்டில் கேட்ச் நழுவினாலோ, அவுட் ஆன பந்து நோபால் என்று தெரிந்தாலோ, ஆங்கில வர்ணனையாளர்கள் பேட்ஸ்மேனுக்கு 'ரிப்ரீவ்' கிடைத்தது என்பார்கள்.

இந்திய ரசிகர்கள் மறக்க நினைக்கும் உதாரணம் ஒன்று உண்டு. 2017, ஜூன் 18. லண்டன் ஓவல் மைதானத்தில் சாம்பியன்ஸ் டிராபி இறுதிப்போட்டி. பாகிஸ்தானின் ஃபகர் ஜமான் 3 ரன்னில் இருந்தபோது பும்ரா பந்தில் தோனியிடம் கேட்ச் ஆனார். பெவிலியன் நோக்கி நடக்கவும் தொடங்கிவிட்டார். ரீப்ளேயில் பார்த்தால் பும்ராவின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. நோபால்! திரும்பி வந்தவர் 114 ரன் எடுத்தார். இந்தியா 180 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

இந்த உதாரணத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நோபாலால் தப்பிய பேட்ஸ்மேன் அடுத்த பந்திலேயே அவுட் ஆகலாம். ரிப்ரீவ் அவருக்குத் தருவது இன்னொரு பந்தை மட்டும்தான். விடுதலைக்கும் ஒத்திவைப்புக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால், அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள்தான் பல உயிர்கள் ஊசலாடியிருக்கின்றன.

'சிறைக்குத் திருப்பி அனுப்பு!'

இந்தச் சொல் பிறந்த இடத்துக்குப் போனால் ஓர் ஆச்சர்யம் காத்திருக்கிறது. இன்று 'தப்பித்தல்' என்ற பொருளில் புழங்கும் இந்தச் சொல், தொடக்கத்தில் கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரான பொருளில் இருந்தது. 'சிறைக்குத் திருப்பி அனுப்புதல்!'

வேர், லத்தீன் மொழியில் இருக்கிறது. 'பிரெஹெண்டெரே' என்றால் பற்றுதல், பிடித்தல். அதோடு 'திரும்ப' என்ற பொருள் தரும் 'ரி' சேர்ந்தால் 'திரும்பப் பிடித்தல்'. அது பிரெஞ்சில் 'ரப்ரான்த்ர்' ஆனது. அதன் இறந்தகால வடிவம் 'ரெப்ரி'. இங்கிலாந்தை நார்மன்கள் ஆண்ட பிறகு நீண்ட காலம் அங்கே நீதிமன்ற மொழியாக பிரெஞ்சுதான் இருந்தது. அந்த வழியாகவே 16-ம் நூற்றாண்டு வாக்கில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட 'வ்' ஒலி, மூலச் சொல்லில் கிடையாது.

சிறைக்குத் திருப்பி அனுப்புவது எப்படித் தப்பித்தல் ஆனது?

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் புரியும். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஒருவருக்குப் போக இரண்டே இடங்கள்தான். ஒன்று, தூக்குமேடை. இன்னொன்று, மறுபடியும் சிறை. தூக்குமேடைக்குப் போக வேண்டியவரை 'சிறைக்கே திரும்பக் கொண்டு போங்கள்' என்று சொன்னால், அதைவிடப் பெரிய நல்ல செய்தி அவருக்கு ஏது? சிறைக் கதவு சாத்தப்படும் ஓசையே உயிர் பிழைத்த ஓசை ஆகிவிட்டது. சொல்லின் பொருளும் மெல்ல மெல்ல நகர்ந்து, 'திருப்பி அனுப்புதல்' என்பது 'தள்ளிவைத்தல்' ஆகி, பிறகு 'காப்பாற்றுதல்' வரை வந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. சிறையைக் குறிக்கும் 'ப்ரிசன்' என்ற சொல்லும் இதே 'பிரெஹெண்டெரே' வேரில் முளைத்ததுதான். பிடித்து வைக்கும் இடம் ப்ரிசன். திரும்பப் பிடித்துக்கொண்டு போவது ரிப்ரீவ். ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

அந்தக் குடும்பம் இன்னும் பெரியது. தொழிற்சாலையில் வேலை பழகும் 'அப்ரண்டிஸ்', விஷயத்தை மனதால் பற்றிக்கொள்பவர். கடைத் தெருவில் பத்துக்கு இரண்டு போர்டுகளில் இருக்கும் 'என்டர்பிரைசஸ்', கையில் எடுத்துக்கொண்ட தொழில். பிறந்தநாளில் நண்பர்கள் கொடுக்கும் 'சர்ப்ரைஸ்', எதிர்பாராமல் வந்து பிடித்துக்கொள்வது. எல்லாமே அந்த ஒரு லத்தீன் பிடியில் இருந்து வந்தவைதான்.

கால் மணி நேரம் தாமதம்

18-ம் நூற்றாண்டு லண்டனில், சின்னத் திருட்டுக்குக்கூடத் தூக்கு உண்டு. டைபர்ன் என்ற இடத்தில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கில் போடுவார்கள். அங்கே 1705 டிசம்பரில் ஜான் ஸ்மித் என்ற திருடன் தூக்கிலிடப்பட்டான். சுமார் கால் மணி நேரம் அவன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. 'ரிப்ரீவ்... ரிப்ரீவ்!' ஒத்திவைப்பு உத்தரவு அப்போதுதான் வந்து சேர்ந்தது!

கயிற்றை அறுத்து இறக்கினார்கள். பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தூக்கிச் சென்று முதலுதவி செய்தார்கள். ஆச்சர்யமாக, அவன் பிழைத்துக்கொண்டான். வாழ்நாள் முழுவதும் 'பாதி தூக்கிலிடப்பட்ட ஸ்மித்' என்பதே அவன் பெயரானது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அதே லண்டனின் குரோய்டன் பகுதியில், 1952 நவம்பரில் ஒரு கிடங்கில் திருடப் போன இருவரை போலீஸ் சுற்றி வளைத்தது. துப்பாக்கிச் சூட்டில் சிட்னி மைல்ஸ் என்ற காவலர் இறந்தார். சுட்டவன் 16 வயது கிறிஸ்டோபர் கிரெய்க். அந்த வயதில் தூக்கு கிடையாது என்பதால் அவனுக்குச் சிறை. கூட வந்த டெரிக் பென்ட்லிக்கு வயது 19. சுட்டது அவன் இல்லை. குண்டு பாய்ந்தபோது அவன் ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தான். அறிவு வளர்ச்சி குறைந்தவன் என்பதும் தெரிந்திருந்தது. ஆனாலும், தூக்கு விதிக்கப்பட்டது.

கருணை காட்டலாம் என்று தீர்ப்பின்போதே ஜூரிகள் பரிந்துரைத்தார்கள். சுமார் 200 எம்.பி-க்கள் கையெழுத்திட்டார்கள். உள்துறை அமைச்சர் மறுத்துவிட்டார். 1953, ஜனவரி 28 அன்று பென்ட்லி தூக்கிலிடப்பட்டான்.

கிரெய்க் பத்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு 1963-ல் வெளியே வந்தான். பென்ட்லியின் குடும்பம் விடாமல் போராடியது. 1998, ஜூலை 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், பென்ட்லி குற்றவாளி என்ற தீர்ப்பையே ரத்து செய்தது. 45 ஆண்டுகள் கழித்து வந்த நீதி. பெற்றுக்கொள்ள பென்ட்லிதான் இல்லை.

ஒத்திவைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இந்த ஒரு வழக்கே போதும். தவறான தீர்ப்பைத் திருத்தலாம். நிறைவேற்றிய தூக்கைத் திருத்த முடியாது.

ஒரு நாள் தள்ளியிருந்தால்...

இதைத் தமிழர்களுக்கு லண்டன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சிலப்பதிகாரமே அதைத்தான் சொல்கிறது. சிலம்பைத் திருடியவன் இவன்தான் என்று பொற்கொல்லன் சொன்ன சொல்லை நம்பி, விசாரிக்காமல் பாண்டியன் உத்தரவு போடுகிறான். கோவலன் அங்கேயே வெட்டப்படுகிறான். கண்ணகி வந்து, சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று காட்டும்போது காலம் கடந்துவிட்டது.

ஒரே ஒரு நாள் தள்ளிவைத்திருந்தால் போதும். கண்ணகி வந்திருப்பாள். கோவலன் இருந்திருப்பான். மதுரை எரிந்திருக்காது!

தமிழில் என்ன சொல்லலாம்?

ரிப்ரீவுக்குத் தமிழில் 'தண்டனை ஒத்திவைப்பு', 'தண்டனை நிறுத்திவைப்பு' என்று எழுதுகிறார்கள். இதில் 'ஒத்தி' என்பது நல்ல பேச்சு வழக்குச் சொல். பஸ் சீட்டில், 'கொஞ்சம் ஒத்தி உட்காருப்பா' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே ஒத்திதான். ஒத்தி உட்கார்ந்தவர் சீட்டை விட்டு எழுந்து போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். தண்டனையும் அப்படித்தான் நகர்கிறது.

இதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 'தள்ளுபடி' என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? ஆடி மாதம் ஜவுளிக்கடையில் 'தள்ளுபடி' என்றால் மகிழ்ச்சி. பயிர்க்கடன் 'தள்ளுபடி' என்றால் விவசாயிக்கு நிம்மதி. அதுவே நீதிமன்றத்தில் 'மனு தள்ளுபடி' என்றால், கேட்டது கிடைக்கவில்லை என்று பொருள். கடையில் விலையைத் தள்ளுகிறார்கள். வங்கியில் கடனைத் தள்ளுகிறார்கள். கோர்ட்டில் கோரிக்கையையே தள்ளிவிடுகிறார்கள். சொல் ஒன்றுதான், எதைத் தள்ளுகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

கோர்ட் வாசலில் அதிகம் புழங்கும் 'வாய்தா'வுக்கும் ஒரு கதை உண்டு. அது உருது வழியாக வந்த அரபுச் சொல். மூலப் பொருள், வாக்குறுதி. 'அந்தத் தேதியில் வந்துவிடுகிறேன்' என்ற வாக்குதான் வாய்தா. இன்றோ, வராமல் இருப்பதற்காக வாங்குவதே வாய்தா என்றாகிவிட்டது. ரிப்ரீவ் போலவே இதுவும் தலைகீழாகத் திரும்பிய சொல்தான்!

அரசியல் சட்டத்தில் ஐந்து சொற்கள்

'ரிப்ரீவ்' என்ற சொல் நம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-வது பிரிவு மாநில ஆளுநருக்கும் கருணை காட்டும் அதிகாரத்தைத் தருகின்றன. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் ஐந்து சொற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. எளிமையாகச் சொன்னால் இப்படி:

பார்டன் - முழு மன்னிப்பு. தண்டனையும் போகும், குற்றவாளி என்ற பெயரும் போகும்.

கம்யூட்டேஷன் - தண்டனை மாற்றம். தூக்கு, ஆயுள் தண்டனையாக மாறுவது இதில் சேரும்.

ரெமிஷன் - தண்டனைக் குறைப்பு. வகை மாறாது, காலம் மட்டும் குறையும்.

ரெஸ்பைட் - சிறப்புக் காரணத்தால் தண்டனையின் கடுமையைக் குறைப்பது. கர்ப்பம், உடல் ஊனம் போன்றவை அந்தக் காரணங்கள். இந்தச் சொல்லும் 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லும் உடன்பிறப்புகள். 'திரும்பிப் பார்த்தல்' என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் தாய்.

ரிப்ரீவ் - தற்காலிக நிறுத்திவைப்பு. மரண தண்டனை கைதி கருணை மனு போடவும், அதன்மீது முடிவு வரவும் கொடுக்கப்படும் அவகாசம்.

முதல் நான்கிலும் ஒரு முடிவு இருக்கிறது. ஐந்தாவதான ரிப்ரீவில் மட்டும் முடிவு இல்லை. இருப்பதெல்லாம் காத்திருப்பு!

கர்ப்பிணிகள் விஷயத்தில் சட்டம் நடந்து வந்த தூரத்தைப் பார்த்தால், இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகப் புரியும். மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பமாக இருந்தால் தண்டனையை உயர் நீதிமன்றம் தள்ளிவைக்க வேண்டும், விரும்பினால் ஆயுள் தண்டனையாக மாற்றலாம் என்றுதான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. அதாவது, குழந்தை பிறக்கும் வரை அவகாசம். பிறகு? அந்தக் கேள்வி, பெற்ற வயிற்றின் மீதே தொங்கிக்கொண்டிருந்தது. 2008-ல் நிறைவேறிய திருத்தம் 'தள்ளிவை' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. ஆயுள் தண்டனையாக மாற்றியே ஆக வேண்டும் என்றானது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்-ஸிலும் அதுவே தொடர்கிறது.

காத்திருப்பே தண்டனை ஆனால்?

ஒத்திவைப்பு ஒருவரைக் காப்பாற்றும் என்பது ஒரு பக்கம். அந்த ஒத்திவைப்பு வருடக்கணக்கில் நீண்டால்?

இந்தக் கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் அழுத்தமாக வந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். 1983-ல், தூக்கு விதிக்கப்பட்டு எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனிமைச் சிறையில் இருந்த ஒருவரின் வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றியது. இரண்டு ஆண்டுகள் தாமதமானாலே தூக்கை மாற்றலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அப்படி ஒரு கால அளவை நிர்ணயிக்க முடியாது என்று பின்னர் வந்த அமர்வுகள் சொல்லிவிட்டன. ஆனால், காத்திருப்பும் ஒரு வதைதான் என்ற கேள்வி அங்கேயே நின்றுவிடவில்லை.

அடுத்தது, தமிழ்நாடே கவனித்த வழக்கு. 1991, மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும், அங்கிருந்த காவலர்கள், பொதுமக்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் நான்கு பேரின் தூக்கை உறுதி செய்தது. அவர்களில் நளினியின் தண்டனையை, 2000-ல் ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார். முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுக்கள் அதே ஆண்டு குடியரசுத் தலைவருக்குப் போயின.

பதில் வந்தது 2011 ஆகஸ்ட்டில். 11 ஆண்டுகளுக்குப் பிறகு!

மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 என்று தூக்குக்குத் தேதியும் குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரங்களுக்குத் தடை விதித்தது. தேதிக்கு பத்து நாள் முன்பு கிடைத்த ரிப்ரீவ் அது. பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள், மகனுக்காகப் பல ஆண்டுகளாக ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்.

2014 ஜனவரி 21 அன்று, ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு, வேறு சில வழக்குகளில் முக்கியமான தீர்ப்பு ஒன்றைத் தந்தது. கருணை மனு மீது காரணமில்லாமல் நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருந்தால், அதற்காகவே தூக்கை ஆயுளாக மாற்றலாம் என்று கூறி, 15 பேரின் தூக்கு மாற்றப்பட்டது. அவர்களில் இருவருக்கு மனநோயும் காரணமாகக் கொள்ளப்பட்டது. மனு நிராகரிக்கப்பட்டதைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் உத்தரவிடப்பட்டது. அடுத்த மாதமே, பிப்ரவரி 18 அன்று, அதே தலைமை நீதிபதியின் அமர்வு மூவரின் தூக்கையும் ஆயுளாக மாற்றியது.

எழுவரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்த தேதி 2018, செப்டம்பர் 9. ஏழு ஆண்டுகளுக்கு முன் தூக்குக்குக் குறித்த அதே தேதி! அந்தப் பரிந்துரை மீதும் முடிவு வரவில்லை. கடைசியில், 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள்.

அந்தத் தாயின் காத்திருப்பு ஒரு பக்கம். குண்டுவெடிப்பில் அப்பாவை, மகளை, கணவனை இழந்த வீடுகளின் காத்திருப்பு இன்னொரு பக்கம். இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்தேதான் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு தாய்

தாமதம் பாதிக்கப்பட்டவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை 2020-ல் நாடே பார்த்தது. டெல்லி நிர்பயா வழக்கில் நால்வருக்குத் தூக்கு உறுதியாகியிருந்தது. ஜனவரி 22 என்று முதலில் தேதி குறித்தார்கள். தள்ளிப்போனது. பிப்ரவரி 1 என்றார்கள். தள்ளிப்போனது. மார்ச் 3 என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது. ஒருவர் மாற்றி ஒருவராக மனு போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கோர்ட் வாசலில் கண்ணீரோடு நின்றவர், மகளைப் பறிகொடுத்த தாய். கடைசியில் மார்ச் 20 அதிகாலை 5.30 மணிக்கு, திகார் சிறையில் தண்டனை நிறைவேறியது.

கைதியின் தாய்க்கு ஒத்திவைப்பு என்பது ஒரு மூச்சு. பறிகொடுத்த தாய்க்கு அதே ஒத்திவைப்பு இன்னோர் அடி. ஒரே உத்தரவு, இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகப் போய்ச் சேர்கிறது.

அதனால்தான் இப்போது இரு பக்கமும் பார்த்துச் சட்டம் கெடு வைக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியான தகவலைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த 30 நாளுக்குள் கருணை மனு போட வேண்டும். மாநில அரசின் கருத்து வந்த 60 நாளுக்குள் மத்திய அரசு தன் பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். பி.என்.எஸ்.எஸ் 472-வது பிரிவு இதைச் சொல்கிறது.

இ.எம்.ஐ சொன்ன பாடம்

இந்தச் சொல்லின் சொந்தக்காரர் ஒருவர் நம் எல்லோர் வீட்டுக்கும் வந்துபோயிருக்கிறார். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த 'மொராட்டோரியம்'! தாமதம் என்று பொருள் தரும் லத்தீன் வேரில் பிறந்த சொல் இது. முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை என இ.எம்.ஐ கட்டுவதற்கு அவகாசம் கிடைத்தது.

பலர் கட்ட வேண்டியதே இல்லை என்று நினைத்துவிட்டார்கள். பிறகு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தபோதுதான், அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியிருப்பது தெரிந்தது. வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால், வட்டியே கிடையாது என்று சொல்லவில்லை. ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு என்பதைப் பாஸ்புக் பார்த்துப் புரிந்துகொண்ட காலம் அது.

தஸ்தயெவ்ஸ்கிக்கு அந்தப் பனிக்காலையில் கிடைத்தது, அதன் பிறகு 31 ஆண்டுகள். அந்த 31 ஆண்டுகளில்தான் உலகம் இன்றும் வாசிக்கும் நாவல்கள் எழுதப்பட்டன. பென்ட்லிக்குக் கிடைக்காமல் போனதும் அதுவேதான். தள்ளிவைத்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்று தள்ளிவைப்பவருக்குத் தெரியாது. ஒரு சாட்சி வரலாம், ஓர் உண்மை வெளிவரலாம், எதுவுமே நடக்காமலும் போகலாம்.

'சிறைக்குத் திருப்பி அனுப்பு' என்று பிறந்த சொல், 'உயிரைத் திருப்பிக் கொடு' என்று வளர்ந்ததற்குக் காரணம், அந்த ஒரு நாளின் மேல் மனிதர்கள் வைத்த நம்பிக்கைதான்.

அடுத்த வாரம்: 'பரோல்' - கைதி கொடுக்கும் ஒரு வார்த்தையின் கதை!